பவர் ட்ரிம் எஞ்சினும் குமரி உப்புக்காற்றும்: சில வருட அனுபவம்

நம்ம மாவட்டத்துக் கடற்கரையில் ஃபைபர் வள்ளங்களில் அதிகம் பார்ப்பது மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன எஞ்சின்தான். அதில் சாய்வை மாற்ற ஒரு கம்பியை உருவி அடுத்த ஓட்டையில் போட்டால் போதும். கரை வந்தால் கையாலேயே தூக்கிவிடலாம். என்னிடம் இருப்பது 60 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக். எடை 100 கிலோவைத் தாண்டும். ஆடும் வள்ளத்தில் ஒற்றை ஆளாகத் தூக்குகிற காரியம் இல்லை. அதனால் பவர் ட்ரிம்மை (பட்டனை அமுக்கினால் மோட்டாரும் ஆயில் பம்பும் சேர்ந்து எஞ்சினைச் சாய்த்துத் தூக்கும் அமைப்பு) ஆடம்பரம் என்று சொல்ல மாட்டேன். தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடக்கும்போது எஞ்சின் மேலே வர மறுத்தால் என்ன ஆகும் என்று இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு வந்த தொல்லைகளில் முக்கால்வாசி உப்பு செய்த வேலை. பழி மட்டும் பம்பின் மேல் விழும்.

முதலில் வந்தது இது: மேலே தூக்கும் பட்டனை அமுக்கினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. ஒரு கடையில் காட்டினேன். மோட்டார், பம்ப் எல்லாம் சேர்த்து முழு யூனிட்டையே மாற்றச் சொன்னார்கள். குளச்சலில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. “மக்களே, நீ பட்டனை அமுக்கு, நான் சத்தம் கேக்கேன்” என்றார். டிக் சத்தம் வந்தால் சுவிட்சும் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச் பெட்டி) வரைக்குமான வயரும் நல்லாயிருக்கிறது. கோளாறு ரிலேயின் உள்முனையிலோ, எர்த்திலோ (பேட்டரிக்குத் திரும்பும் வயர்), மோட்டாரிலோதான். சத்தமே இல்லை என்றால் ஃப்யூஸ், சுவிட்ச், வேக லிவரின் கைப்பிடிக்குள் போகும் வயர் என்று முன்பக்கமாகத் தேட வேண்டும்.

அப்புறம் மீட்டர் வைத்தார். பட்டனை அமுக்கும்போது பேட்டரி முனையில் 12 வோல்ட்டுக்குக் குறையவில்லை, மோட்டார் முனையில் 9கூட இல்லை. எர்த் வயரின் நுனியில் மாட்டியிருக்கும் லக்கின் மேல் இருந்த ரப்பர் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு. செம்பு இழைகள் கறுத்து, விரலால் தேய்த்ததும் உதிர்ந்தன. கறுப்பு போகும்வரை வயரை வெட்டிக்கொண்டே போய், வெள்ளீயம் பூசிய புது வயரும் லக்கும் போட்டு, மேலே கிரீஸ் தடவினார். எஞ்சின் சட்டென்று மேலே வந்தது. யூனிட் மாற்றியிருந்தால் அந்தக் களிம்பு அப்படியே இருந்திருக்கும், புது மோட்டாரும் திணறியிருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் வேலை செய்து மறுபக்கம் செய்யாவிட்டால் மேல், கீழ் ரிலேக்களை இடம் மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே மாறினால் ரிலேதான் போச்சு.

தூக்கி வைத்த எஞ்சின் விடிவதற்குள் தானாக இறங்கிவிடுகிறதா? எஞ்சினை வள்ளத்தோடு பிடித்திருக்கும் பிராக்கெட்டின் பக்கத்தில் கையால் தூக்குவதற்கான ரிலீஸ் ஸ்க்ரூ ஒன்று இருக்கும், அது முழுக்க இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். யாராவது திறந்துவிட்டு மறந்திருப்பார்கள். அது சரி என்றால் ட்ரிம் பம்பின் ஆயில். எஞ்சினை முழுக்கத் தூக்கி, லாக் போட்டபின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, கசிவைத் தடுக்கும் சீலை மாற்ற வேண்டும். ஆயில் ஊற்றியபின் மேலும் கீழுமாகப் பல தடவை முழுசாக ஓட்டினால்தான் காற்று வெளியேறும்.

எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலின் கதை வேறு. லிவர் இறுகிப்போனால் எல்லாரும் கேபிளுக்குள் எண்ணெய் ஊற்றுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு, எஞ்சின் பக்கத்து முனையில் கேபிளைக் கழற்றி லிவரை ஆட்டுங்கள். அப்போதும் இறுக்கம் என்றால் கேபிள் அல்லது லிவர் பெட்டி. லேசாகிவிட்டால் எஞ்சின் பக்கத்து இணைப்பில் உப்பு கட்டியிருக்கிறது, கழுவி கிரீஸ் வைத்தால் போதும். உள்ளே துருப்பிடித்த கேபிளை மாற்றத்தான் வேண்டும், அதுவும் நெருக்கி வளைக்காமல். லிவர் தானாகப் பின்வாங்கினால் பெட்டியில் இருக்கும் ஃப்ரிக்ஷன் ஸ்க்ரூவைக் கொஞ்சம் முறுக்குங்கள்.

லிவரை முழுசாகத் தள்ளியும் 2,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே நிற்கிறது, அலாரம் கூவுகிறது என்றால் கேபிளை விட்டுவிடுங்கள். ஆயில் அழுத்தம் குறைந்தோ சூடு ஏறியோ எஞ்சின் தன்னைத் தானே கட்டுப்படுத்துகிறது. முதலில் வேகத்தைக் குறைத்து, எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் வெளியே பீச்சுகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் கவர்தான் ஒட்டியிருக்கும். சத்தம் மட்டும் ஏறி வள்ளம் நகரவில்லை என்றால் ப்ரொப்பெல்லரின் நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் நழுவுகிறது.

ஆனி ஆடியில் எஞ்சின் சும்மா கிடக்கும்போது தூக்கியே வைத்தால், எஞ்சினைத் தள்ளித் தூக்கும் ராம் கம்பியில் உப்பு படிகிறது; அப்படியே இறக்கினால் சீலைக் கீறும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்த பிறகுதான் நான் இறக்குவேன்.

சாய்வைக் காட்டும் ட்ரிம் கேஜ் ரொம்ப நாளாகப் பொய்தான் சொல்கிறது. அதன் சென்சார் பிராக்கெட் இடுக்கில் இருக்கிறது, மாற்ற எனக்கு ஆர்வமில்லை. வள்ளத்தின் முன்பக்கமான அணியம் குதிக்கத் தொடங்கினால் தூக்கியது அதிகம், அலையில் மூக்கைக் குத்தினால் இறக்கியது அதிகம். இதற்கு முள் எதற்கு?