சாரணியர் சீருடை: எந்த நாட்டு உடையில் ஒரு சிறுமி நன்றாக ஓட முடியும்?

1909 செப்டம்பரில் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் சாரணர் பேரணி நடந்தபோது, கூப்பிடாமலே சில சிறுமிகள் வந்து நின்றார்கள். தலையில் சாரணர் தொப்பி, கையில் கோல், இடுப்பில் பாவாடை. தாங்களும் சாரணர்கள்தான் என்று சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலிடமே சொன்னார்கள். அடுத்த ஆண்டே சிறுமிகளுக்கென்று 'கைட்ஸ்' என்ற சாரணியர் இயக்கம் பிறந்தது. அந்தச் சிறுமிகளுக்கு இயக்கம் கிடைக்கும் முன்பே சீருடை கிடைத்துவிட்டது. அதனால்தான் இந்த உடையைப் பற்றிப் பேசுவது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை.

பள்ளியில் நானும் சாரணியாக இருந்தவள். பிரிட்டன், அமெரிக்கா, இந்தியா, இந்தோனேசியா என்று நான்கு நாட்டு உடைகளை இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் எளிது. இதைப் போட்டுக்கொண்டு ஓடலாமா, குனிந்து அடுப்பு மூட்டலாமா, சுமாரான வருமானமுள்ள வீட்டில் வாங்க முடியுமா?

முதலில் பிரிட்டன். ஆரம்ப நாட்களில் கருநீலப் பாவாடை, தோளில் பை, கயிற்றில் கட்டிய கத்தி, கையில் கோல் என்று பார்த்தாலே காட்டுக்குக் கிளம்பிய மாதிரி இருக்கும். சின்னவர்களான பிரவுனிகளுக்குப் பழுப்பு. பல பத்தாண்டுகள் இது பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. 1990-ல் ஆடை வடிவமைப்பாளர் ஜெஃப் பேங்க்ஸ் கைக்கு வந்ததும் ஸ்வெட்ஷர்ட்டும், பாவாடை மாதிரி தெரிகிற அகலமான கால்சட்டையும், ஓடத் தோதான பேன்ட்டும் உள்ளே வந்தன. இன்று ஒரு பிரிட்டிஷ் சிறுமி டீ-ஷர்ட், லெக்கிங்ஸ், ஹூடி என்று தனக்குப் பிடித்ததைச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். வசதியில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் விளையாட்டுப் பயிற்சிக்குப் போகிற பிள்ளை மாதிரிதான் தெரிகிறது. அந்தப் பழைய கம்பீரம் கொஞ்சம் குறைந்துதான் போய்விட்டது.

அமெரிக்கக் கதை வேறு. ஜூலியட் கார்டன் லோ 1912 மார்ச் 12-ல் சவன்னா நகரில் 18 சிறுமிகளோடு அந்நாட்டுச் சாரணியர் அமைப்பைத் தொடங்கியபோது அங்கேயும் நீல உடைதான். சீக்கிரமே காக்கிக்கு மாறி, 1928-ல் பச்சைக்கு வந்தார்கள். 1948-ல் உடையை வடிவமைத்தவர் மெயின்பாக்கர். 1978-ல் பெரியவர்களுக்கான உடையை வடிவமைத்தவர் ஹால்ஸ்டன். இரண்டுமே ஃபேஷன் உலகின் பெரிய பெயர்கள். சிறுமிகள் அமைப்பு ஒன்று இந்த அளவுக்கு உடைக்கு மெனக்கெட்டதை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

2008-க்குப் பிறகு முழுச் சீருடை கட்டாயம் இல்லை. மேலங்கியோ, தோளிலிருந்து குறுக்கே தொங்கும் சாஷ் பட்டையோ ஒன்று இருந்தால் போதும். சட்டையும் பேன்ட்டும் வீட்டில் இருப்பதே. வயதுக்கு ஒரு நிறம்: மிகச் சின்னவர்களான டெய்சிக்கு நீலம், பிரவுனிக்குப் பழுப்பு, ஜூனியருக்குப் பச்சை, அதற்கு மேல் காக்கி. அந்த மேலங்கியை ஒரு நிமிடம் உற்றுப் பார்க்க வேண்டும். முன்பக்கம் முழுக்கப் பயிற்சிகளை முடித்துச் சம்பாதித்த பேட்ஜ்கள் வரிசையாக இருக்கும். பின்பக்கம் திருப்பினால் குக்கீஸ் விற்றது, முகாமுக்குப் போனது என்று ஞாபகத்துக்காகத் தைத்த ஒட்டுகள். ஒரு பிள்ளையின் மூன்று நான்கு வருட உழைப்பை அதன் முதுகிலேயே படித்துவிடலாம். நான்கு நாடுகளிலும் எனக்குப் பொறாமை வந்த ஒரே பொருள் இதுதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1950 நவம்பர் 7-ல் பாரத் சாரணர் அமைப்பு உருவானது; அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் கைட்ஸ் அதில் சேர்ந்தது. இங்கே நம் சாரணியர் வெளிர்நீலக் கமீஸ், கருநீல சல்வார், துப்பட்டா அணிந்து பார்த்திருப்பீர்கள். கழுத்தில் ஸ்கார்ஃப், அதைப் பிடிக்க 'வாகிள்' என்ற சின்ன வளையம்.

இந்த சல்வாரைக் குறை சொல்பவர்களை எனக்குத் தெரியும். நான் சொல்ல மாட்டேன். பாவாடையும் முட்டி வரை கவுனும் மட்டும்தான் என்றிருந்தால், "பிள்ளையை முகாமுக்கு அனுப்ப மாட்டோம்" என்று எத்தனை வீடுகள் மறுத்திருக்கும்! சல்வாரில் மரம் ஏறலாம், சம்மணம் போட்டு உட்காரலாம், தரையில் படுத்து உருளலாம். இடைஞ்சல் துப்பட்டாதான். இரண்டு தோளிலும் பின் குத்தினாலும், அடுப்பு ஊதக் குனிந்தால் முன்னால் வந்து விழும். எங்கள் முகாமில் சமைக்கும் முறை வந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி மரக்கிளையில் போட்டுவிடுவோம். அப்புறம் இன்னொரு குறை, என் கமீஸில் பாக்கெட்டே கிடையாது. கயிறு, பென்சில், குறிப்பேடு எல்லாம் கையிலேயே இருக்கும். முடிச்சுப் போடச் சொன்னால் முதலில் அவற்றை எங்காவது வைக்க இடம் தேடுவேன்.

இந்தோனேசியாவைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1961-ல் அமைந்த பிரமுகா உலகின் மிகப் பெரிய சாரணர் அமைப்பு. ஆண், பெண் இருவருக்கும் ஒரே நிறங்கள்: மேலே இளம்பழுப்பு, கீழே அடர்பழுப்பு. ஹிஜாப் அணியும் சிறுமிகளுக்கு அதுவும் பழுப்பிலேயே கிடைக்கிறது. கழுத்தில் தேசியக் கொடியின் சிவப்பும் வெள்ளையும். அண்ணனும் தங்கையும் ஒரே நிற உடையில் வீட்டை விட்டுக் கிளம்புவது மற்ற மூன்று நாட்டிலும் அவ்வளவு சாதாரணமாகக் கிடைக்காத காட்சி.

இந்த நான்கில் எதற்கு என் ஓட்டு? வசதிக்குப் பிரிட்டன், உழைப்பைக் காட்டுவதற்கு அமெரிக்கா, சமத்துவத்துக்கு இந்தோனேசியா. ஆனாலும் நான் தேர்ந்தெடுப்பது நம் சல்வாரைத்தான், அந்த ஸ்கார்ஃபுக்காகவும் சேர்த்து. முக்கோணத் துணியை நீளவாக்கில் சுருட்டி வாகிளில் கோத்தால் அது சீருடை. உருவி விரித்தால் முதலுதவிக் கட்டு. முகாமில் ஒரு தோழி வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கியபோது, எங்கள் கேப்டன் தன் கழுத்திலிருந்ததையே உருவினார். முக்கோணத்தின் உச்சி முழங்கைப் பக்கம் வரும்படி கைக்கு அடியில் கொடுத்து, மற்ற இரண்டு முனைகளையும் கழுத்தின் பக்கவாட்டில் ரீஃப் முடிச்சால் கட்டினார். தட்டையான முடிச்சு என்பதால் கழுத்தில் உறுத்தவே இல்லை என்று அவள் சொன்னாள்.

உங்கள் வீட்டுப் பெண் இந்த வருடம் சாரணியர் அணியில் சேர்கிறாள் என்றால், கமீஸ் தைக்கக் கொடுக்கும்போது தையற்காரரிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கத் தையலிலும் ஆழமாக ஒரு பாக்கெட், அவள் கை மணிக்கட்டு வரை உள்ளே போகிற அளவுக்கு.