திரையில் 41 சதவீதம், வண்டி நடுவழியில்: என் 14,500 ரூபாய் போன விதம்

நேற்று மாலை கோட்டையூர் சாலையோரத்தில் மூன்று டின் பலகாரத்தோடு மின்சார ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனவன் நான்தான். பள்ளத்தூரில் அம்மா சுட்ட சீப்புச் சீடையும் மணகோலமும், காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டுக்கு. வண்டி செத்துவிட்டது. திரையில் மட்டும் 41 சதவீதம் என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

14,500 ரூபாய் கொடுத்துப் பழுது பார்த்த பேட்டரி அது. பார்த்து ஒன்பது நாள்தான் ஆகிறது.

முன்பும் இதே தொல்லைதான். முப்பது சதவீதம் காட்டும்போதே நின்றுவிடும். அதனால்தான் காரைக்குடியில் லித்தியம் பேட்டரிகளைப் பிரித்துச் சரிசெய்யும் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் மரியாதையில் குறை வைக்கவில்லை. "உட்காருங்கள் அண்ணே" என்றார், காபி வாங்கி வரச் சொன்னார். நான்கு செல் தொகுதிகள் போய்விட்டன, புதிதாக மாற்றி, அளவு காட்டுவதையும் காலிபரேஷன் செய்து, அதாவது உள்ளே இருக்கும் சார்ஜோடு எண் ஒத்துப்போகும்படி சரிசெய்து, தருகிறேன் என்றார். காலை பதினொரு மணிக்குக் கொடுத்தேன், மதியம் ஒரு மணிக்குள் தந்துவிட்டார். தன் செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: 100 சதவீதம், கொள்ளளவு 30 ஆம்பியர் மணி. புளூடூத்தில் நேராகப் பேட்டரியிலிருந்தே வருகிற எண் என்றார். அந்த எண்ணைப் பார்த்ததும் மடியிலிருந்து பணத்தை எடுத்துவிட்டேன். பில் கேட்கக்கூடத் தோன்றவில்லை. துண்டுச் சீட்டில் "சர்வீஸ் 14,500" என்று எழுதித் தந்தார். இனி 'அவர்' எதற்கு? தந்தான்.

மூன்றாம் நாளே எண் தடுமாறத் தொடங்கியது. போனில் கேட்டால், புதுச் செல் பழகட்டும், இரண்டு முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள் என்றான். ஏற்றினேன். அடுத்து, உங்கள் சார்ஜர்தான் பழுது என்றான். நேரில் போனபோது கடைப் பையன், முதலாளி மதுரைக்குப் போயிருக்கிறார் என்கிறான். முதலாளியின் செருப்பு படியிலேயே கிடக்கிறது!

நேற்றிரவு மச்சான் பேட்டரியைப் பிரித்தான். அவனுக்கு இதுதான் தொழில், நீங்கள் வீட்டில் பிரிக்காதீர்கள். நீல உறை மட்டும் புதிது. உள்ளே அதே பழைய செல்கள், பற்றவைத்த தடம்கூட மாறவில்லை. பதின்மூன்று தொகுதிகளில் பன்னிரண்டு ஏறத்தாழ 3.6 வோல்ட்டில் இருந்தன, ஒன்று மட்டும் 3.05. ஓடும்போது அந்த ஒன்று இன்னும் கீழே இறங்கியதும், செல்களைக் காக்கும் பி.எம்.எஸ். என்ற மின்பலகை மொத்தப் பேட்டரியையும் துண்டித்துவிடுகிறது. மற்ற பன்னிரண்டில் மிச்சம் இருப்பதால் எண் மட்டும் 41 என்று தெம்பாக நிற்கிறது.

அப்படியானால் அந்த 100? அவன் செல்போனில் காட்டிய செயலியில் கொள்ளளவு என்ற கட்டத்தில் கையால் எந்த எண்ணையும் எழுதலாமாம், சதவீதத்தையும் மாற்றலாமாம். என் பேட்டரியின் மேல் அச்சிட்டிருப்பது 24 ஆம்பியர் மணி. அவன் 30 என்று எழுதியிருக்கிறான். காபி விலையையும் அதில்தான் சேர்த்தானோ என்னவோ.

பேட்டரிகளை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கும் காரைக்குடியில் இது நடந்திருக்கிறது. அதற்கு நிலமும் பணமும் கொடுத்த அழகப்பச் செட்டியார் பிறந்த கோட்டையூரில்தான் என் வண்டியும் நின்றது.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கோபத்தில் ஓடவில்லை. சதவீதத்தை நம்பாதீர்கள், ஒவ்வொரு தொகுதியின் வோல்ட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள், ஓட்டிய பிறகும் காட்டச் சொல்லுங்கள். காலிபரேஷன் என்றால் முழுதாக ஏற்றி, ஆறவிட்டு, தானே துண்டிக்கும்வரை ஓட்டி, மறுபடி முழுதாக ஏற்ற வேண்டும்; இரண்டு மணி நேரத்தில் முடிகிற வேலை இல்லை. ஒரு தொகுதி நலிந்திருந்தால் அதுவும் பயன்படாது. கழற்றிய பழைய செல்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள். எத்தனை செல் மாற்றினார்கள் என்று பில்லில் எழுதாமல் பணம் கொடுக்காதீர்கள்.

நாளைக் காலை மச்சானையும் வோல்ட் அளக்கும் அவன் மல்டிமீட்டரையும் கூட்டிக்கொண்டு அந்தப் படியேறப் போகிறேன். நேற்று டின்களை ஆட்டோவில் ஏற்றி அனுப்பியதற்குக் கூலி 250 ரூபாய். அதையும் சேர்த்து 14,750 கேட்பேன்.