வன்னியிலிருந்து சென்னைக்கு: பலாலியா, கட்டுநாயக்காவா?

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். கொழும்புக்கு அருகிலுள்ள கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கும் சென்னைக்கும் இடையில் அது ஏறத்தாழ 640 கிலோமீற்றர். பலாலியிலிருந்தான தூரம் கட்டுநாயக்காவின் தூரத்தில் பாதிக்குச் சற்றே மேல்தான் என்றாலும், பறக்கும் நேரம் அதே விகிதத்தில் குறையவில்லை. பலாலியிலிருந்து சுமார் ஒன்றேகால் மணித்தியாலமும், கட்டுநாயக்காவிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலமும் செல்கின்றன. பலாலியின் ஓடுபாதை குறுகிய நீளமுடையதாகையால் அங்கு ஏ.டி.ஆர். 72 வகைச் சிறிய விமானங்களே வந்து போகின்றன; சுழல்விசிறியால் இயங்கும் இவை மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்க, கட்டுநாயக்காவிலிருந்து கிளம்பும் ஜெட் விமானங்கள் 800 கிலோமீற்றரைத் தாண்டுகின்றன. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதற்கும், மேலெழுவதற்கும், இறங்குவதற்கும் ஆகும் நேரமோ தூரம் எவ்வளவாயினும் பெரிதாக மாறுவதில்லை.

ஆகவே, வன்னியில் இருப்பவருக்குக் கணக்கைத் தீர்மானிப்பது வானம் அன்று, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 வீதிதான். கிளிநொச்சியிலிருந்து பலாலி சுமார் 80 கிலோமீற்றர். ஆனையிறவைக் கடந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். கட்டுநாயக்காவோ 300 கிலோமீற்றருக்கும் மேல். வாகனம் பிடித்தால் அரைநாள் வீதியிலேயே கழியும் என்பதால், காலை விமானத்துக்கு முதல்நாள் இரவே புறப்பட வேண்டியிருக்கும். முல்லைத்தீவுக்காரருக்குப் பரந்தன் வழியாக வந்து ஏ-9 ஐப் பிடிப்பது கூடுதல் வேலையென்றாலும் பலாலியே அண்மையானது. வவுனியாவில் மட்டும் இடைவெளி சுருங்குகிறது. அங்கிருந்து பலாலி ஏறத்தாழ 155 கிலோமீற்றர், கட்டுநாயக்கா அதைவிடச் சுமார் 80 கிலோமீற்றர் கூட. மன்னாரிலிருப்பவருக்கு, 2011 இல் திறக்கப்பட்ட சங்குப்பிட்டிப் பாலம் பூநகரி வழியாகப் பலாலிக்குச் செல்லும் பாதையை வசதியாக்கிவிட்டது.

இருந்தாலும் தூரத்தை மட்டும் பார்த்துப் பயணச்சீட்டு எடுப்பது புத்திசாலித்தனமன்று. 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பலாலியில், கொவிட் காரணமாக நின்றுபோன சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. 2024 செப்டெம்பரில் இந்திய விமான நிறுவனமான இண்டிகோவும் சென்னைச் சேவையைத் தொடங்கியபின் நிலைமை தேறியிருக்கிறது. ஆயினும் ஒரு விமானம் இரத்தானால் அடுத்ததற்குப் பெரும்பாலும் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். கட்டுநாயக்காவில் அன்றே வேறொன்று கிடைக்கக்கூடும். சென்னையில் மருத்துவரைச் சந்திக்க நாள் குறித்துச் செல்பவர்கள் இதை எண்ணி, ஒரு நாள் முந்திப் புறப்படுவது நல்லது. மறுபக்கத்தில், எழுபது எண்பது பேருக்கு மேல் ஏறாத விமானமாகையால் பலாலியில் குடிவரவுப் பரிசோதனை வரிசை நீள்வதில்லை. முதியவர்களை அழைத்துச் செல்வோருக்கு இது சிறிய ஆறுதல் அன்று.

திருச்சிக்குப் போகிறவர்கள் அதிகம் யோசிக்கவே தேவையில்லை. 2025 மார்ச் இறுதியில் தொடங்கிய பலாலி–திருச்சிச் சேவையின் வான்வழித் தூரம் சுமார் 185 கிலோமீற்றர். கட்டுநாயக்காவிலிருந்து திருச்சி 400 கிலோமீற்றருக்கும் மேல். வேளாங்கண்ணிக்கோ தஞ்சாவூருக்கோ செல்பவர் சென்னையில் இறங்கித் தெற்கே திரும்பி வருவது வீண் அலைச்சல். வளைகுடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ பறக்க வேண்டியவருக்கு மட்டும் கட்டுநாயக்காவே இன்றும் நேர்வழி.