பெட் சிடி ஸ்கேனுக்குப் பணம் கட்டும் முன் கால் படத்தில் வருமா என்று கேளுங்கள்

எலும்பில் சீழ் பிடித்திருக்கிறது என்று பெட் சிடி (PET-CT) ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்திருந்தால், பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: சீழ் இருக்கிற இடம் படத்தில் வருமா? கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். என் மாமனாருக்கு வரவில்லை.

பைக் விபத்தில் அவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து உலோக பிளேட் வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது, புண்தான் ஆறவில்லை. தோல் மூடும், கொஞ்ச நாளில் கணுக்காலுக்கு மேலே சின்னதாக ஒரு துளை விட்டுச் சீழ் கசியும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் நிற்கும், விட்டால் திரும்ப ஆரம்பிக்கும். எக்ஸ்ரேயில் தெளிவாக ஒன்றும் இல்லை. எம்ஆர்ஐயில் பிளேட்டைச் சுற்றிப் படமே கறுப்பாகச் சிதறிவிட்டது. சாதாரண எலும்பு ஸ்கேனில் (bone scan) ஆறிக்கொண்டிருக்கும் எலும்பும் ஒளிரும், கிருமி பிடித்த எலும்பும் ஒளிரும். அதனால்தான் எலும்பு டாக்டர் பெட் சிடி கேட்டார். கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளணுக்கள் குளுக்கோஸை அள்ளித் தின்னுமாம். கதிரியக்க குளுக்கோஸை ஊசியில் ஏற்றினால் அந்த இடம் பெட் படத்தில் பளிச்சென்று தெரியும். அது எலும்பிலா, சதையிலா, எந்த ஸ்க்ரூவை ஒட்டி என்பதைக் கூடவே எடுக்கும் சிடி ஸ்கேன் காட்டும்.

சீட்டில் இடது கால், பிளேட், சீழ் எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. ஸ்கேன் சென்டரில் அதை வாங்கி ஃபைலில் சொருகினார்கள், அவ்வளவுதான். வெறும் வயிறு, சர்க்கரை அளவு, ஊசி, ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கை என்று மற்றதெல்லாம் முறைப்படி நடந்தது. பில்லில் ‘ஹோல் பாடி பெட் சிடி’, 18,000 ரூபாய். ரிப்போர்ட்டில் கழுத்து, நுரையீரல், கல்லீரல், புராஸ்டேட் என்று வரிசையாகப் போய், புற்றுநோய்க்கான அறிகுறி இல்லை என்று முடித்திருந்தார்கள். யார் கேட்டது?

டாக்டர் ஸ்கேன் படங்கள் இருந்த டிஸ்கைப் போட்டுப் பார்த்தார். மண்டை ஓட்டின் அடியில் தொடங்கி நடுத்தொடையில் படம் வெட்டென்று நின்றது. இன்னொரு முறை கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, “இவர் கால் எங்கேங்க?” என்றார்.

சென்டரில் போய்க் கேட்டால், “ஹோல் பாடின்னா தொடை வரைக்கும்தான் சார், எல்லா இடத்திலும் அப்படித்தான்” என்கிறார்கள். புற்றுநோய்க்கு அதுதான் வழக்கம், சரி. இவருக்குப் புற்றுநோய் என்று எவன் சொன்னான்? விட்டுப்போன காலை மட்டும் மறுநாள் போய் எடுத்துக்கொள்ளவும் முடியாது. அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகிக்கொண்டே போகும். மறுபடி ஊசி, மறுபடி கதிர்வீச்சு, மறுபடி பணம். இலவசமாக எடுத்துத் தரச் சொன்னதற்கு 10 சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்றார்கள்.

வேறு சென்டருக்குப் போனோம். எந்தக் கால், ஆபரேஷன் எப்போது, மாத்திரை என்னென்ன என்று டெக்னீஷியனே விசாரித்தார். கால்விரல் வரை தனியாக எடுத்தார்கள். உலோகம் இருந்தால், சிடி ஸ்கேனை வைத்துக் கணினி திருத்தித் தரும் பெட் படத்தில் பிளேட் ஓரம் பொய்யாகவும் ஒளிரலாம் என்பதால், திருத்தாத படத்தையும் பார்த்ததாக ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தார்கள். கீழ் ஸ்க்ரூக்களை ஒட்டித்தான் சீழ். ஆன்டிபயாடிக்கை முன்கூட்டியே நிறுத்திவைத்து, பிளேட்டை எடுத்து, எலும்புத் துணுக்கைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பியதில் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தது. இப்போது அதற்கேற்ற மருந்து ஓடுகிறது.

ஆகவே உங்கள் டாக்டரிடம் ‘கால்களும் சேர்த்து’ என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஊசி போடும் முன் டெக்னீஷியனிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசி ஏறியபின் பேசிப் பிரயோஜனமில்லை. பில், சீட்டு, படம் இருக்கும் டிஸ்க் எதையும் தொலைக்காதீர்கள். நாங்கள் அதையெல்லாம் வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எதுவரை படம் எடுத்தோம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறதே, படிக்க வேண்டியதுதானே என்று சென்டர்காரர்கள் பதில் அனுப்பியிருக்கிறார்கள். ரிப்போர்ட் கைக்கு வந்தது ஸ்கேன் முடிந்த பிறகுதான்.