ஒரே சர்வரில் பல மெஷின்கள்: லிப்வர்ட்டோடு பழகிய அனுபவம்

மண்ணடியில் லிங்கி செட்டித் தெரு, தம்புச் செட்டித் தெரு நெடுக சரக்குக்கு கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸ்கள்தான். ஹார்பர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது, வேறெங்கே போவார்கள். அதில் சில ஆபீஸ்களுக்கு சர்வர் பார்ப்பது என் வேலை. எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே அமைப்பு: ஒரு டவர் சர்வர், அதில் டெபியன் லினக்ஸ், அதற்குள் டேலிக்கு ஒரு விண்டோஸ், கஸ்டம்ஸ் ஃபைலிங்குக்கு இன்னொரு விண்டோஸ், ஃபைல் ஷேருக்கு ஒரு சின்ன லினக்ஸ். ஒரே சர்வருக்குள் தனித்தனி கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் இந்த விர்ச்சுவல் மெஷின்களை எதை வைத்து நிர்வகிப்பது என்று இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். பல வருஷம் ஓட்டிப் பார்த்தபின் என் பதில் மாறவில்லை. சர்வர் ஒன்றுதான் என்றால் அடியில் மெஷின்களை மேய்க்கும் லிப்வர்ட் மென்பொருள் இருக்கட்டும், அதற்கு எழுத்தில் உத்தரவு போடும் வர்ஷ் கமாண்டுகள் கைக்குப் பழகட்டும். மேலே எந்தத் திரை வேண்டுமோ வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர்களைப் பார்த்துத்தான் பலர் மிரள்கிறார்கள். கேவிஎம் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருந்து விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவது, 2007-ல் 2.6.20 பதிப்பில் சேர்ந்தது. மெஷினுக்கு வேண்டிய டிஸ்க், நெட்வொர்க் கார்டு, திரை எல்லாவற்றையும் உருவாக்கிக் காட்டுவது க்யூஎமு. இரண்டையும் மேய்ப்பது லிப்வர்ட். எழுத்து வழி வர்ஷ், ஜன்னல் வழி வர்ட்-மேனேஜர், பிரவுசர் வழி காக்பிட் மூன்றுமே அந்த ஒரே லிப்வர்ட்டோடுதான் பேசுகின்றன. வர்ட்-மேனேஜரில் நான் உருவாக்கிய மெஷின் அடுத்த நொடியே காக்பிட்டில் தெரியும், வர்ஷிலும் வரும். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாற எதையும் இடம் பெயர்க்க வேண்டியதில்லை. நான் லிப்வர்ட்டை விடாமல் பிடித்திருப்பதற்கு முதல் காரணம் இது.

மெஷினின் முழு ஜாதகமும் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கிறது என்பது அடுத்த காரணம். ஒரு ஆபீஸில் மதர்போர்டு போய்விட்டது. கடற்காற்று அடிக்கும் தெருக்களில் போர்டு, கனெக்டர் எல்லாம் சீக்கிரம் பச்சை பிடிக்கும், அது இங்கே புதிதல்ல. வேறு கம்பெனி சர்வர் ஒன்றைக் கொண்டுவந்து டெபியன் போட்டேன். பேக்கப்பிலிருந்து டிஸ்க் இமேஜ்களை அதே இடத்தில் வைத்து, சேமித்திருந்த எக்ஸ்எம்எல்லை 'வர்ஷ் டிஃபைன்' கொடுத்து ஏற்றினேன். உள்ளே இருந்த விண்டோஸுக்கு வீடு மாறியதே பெரிதாகத் தெரியவில்லை. பிராசஸர் வகையில் மட்டும் ஒரு வரி மாற்ற வேண்டியிருந்தது.

புது மெஷின் போடுவதற்கு வர்ட்-மேனேஜரை விட வசதியானது எதையும் நான் பார்க்கவில்லை. சர்வரில் அதைப் போடாதீர்கள். உங்கள் லினக்ஸ் லேப்டாப்பில் போட்டு எஸ்எஸ்ஹெச் என்ற பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக சர்வரோடு இணைத்தால் போதும். விண்டோஸ் போடும்போது டிஸ்க்கை விர்டியோ (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே செய்த வேகமான வகை) என்று வைத்தால், எங்கே இன்ஸ்டால் செய்ய என்று கேட்கும் திரை காலியாக நிற்கும். டிஸ்க்கே இல்லை என்று பயந்து பலர் சாதாரண வகையான சாட்டாவுக்கு மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம். டிரைவர்கள் இருக்கும் விர்டியோ-வின் ஐஎஸ்ஓ ஃபைலை இரண்டாவது சிடியாகச் சேர்த்து, 'லோட் டிரைவர்' கொடுத்து டிரைவரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். டேலி டேட்டா பெரிதாக இருக்கும் ஆபீஸில் சாட்டாவுக்கும் விர்டியோவுக்கும் வேக வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் இப்போது எல்லோரும் விண்டோஸ் 11-க்குப் போக வேண்டியிருக்கிறது. அதற்கு யூஇஎஃப்ஐ என்ற பூட் முறையும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். டிபிஎம்மை 'ஆட் ஹார்டுவேர்' பட்டியலிலிருந்தே சேர்க்கலாம், சர்வரில் அந்தச் சிப்பை மென்பொருளாகவே காட்டும் எஸ்டபிள்யூடிபிஎம் பேக்கேஜ் இருந்தால் போதும்.

ரெட் ஹாட் நிறுவனம் தன் லினக்ஸின் 8-ஆம் பதிப்பிலேயே வர்ட்-மேனேஜரை ஓரங்கட்டி காக்பிட்டை முன்னே வைத்தது. வர்ட்-மேனேஜர் செத்துவிடவில்லை, டெபியனில் இன்றும் ஒழுங்காக வருகிறது. காக்பிட்டும் நல்ல கருவிதான். பிரவுசரில் 9090 போர்ட்டைத் திறந்தால் மெஷின் பட்டியல், ஆன், ஆஃப், திரை எல்லாம் கிடைக்கும். யாரும் உள்ளே இல்லாத நேரத்தில் மெமரியையும் பெரிதாகத் தின்னாது. ஆபீஸில் விவரமான ஒருவருக்கு இதைக் காட்டிக் கொடுத்துவிட்டால் பாதி ஃபோன் கால் குறைகிறது. நுணுக்கமான மாற்றம் என்று வரும்போது மட்டும் காக்பிட் கை விரித்துவிடும்.

அந்த நுணுக்கம் எங்கே வரும் என்றால், யூஎஸ்பி டோக்கனில். இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் எல்லாம் டிஜிட்டல் கையெழுத்தோடு போக வேண்டும். அந்தக் கையெழுத்து இருப்பது பென் டிரைவ் மாதிரி ஒரு டோக்கனில். அதை சர்வரில் செருகி, விண்டோஸ் மெஷினுக்கு பாஸ்த்ரூ, அதாவது நேரடியாக, கொடுக்க வேண்டும். காலையில் ஃபோன் வரும்: "அண்ணே, டோக்கன் காட்ட மாட்டேங்குது, பார்ட்டி வந்து உக்காந்திருக்காங்க." பெரும்பாலும் ஒரே கம்பெனி டோக்கன் இரண்டைச் செருகியிருப்பார்கள். இரண்டுக்கும் ஒரே வென்டர் ஐடி, ஒரே ப்ராடக்ட் ஐடி. எது வேண்டும் என்று லிப்வர்ட்டுக்குத் தெரியாது, பஸ் எண்ணும் டிவைஸ் எண்ணும் கொடு என்று நின்றுவிடும். அந்த டிவைஸ் எண்ணோ, டோக்கனைக் கழற்றிச் செருகினால் மாறிவிடும். எந்த போர்ட்டில் செருகியிருக்கிறது என்பதை வைத்து அடையாளம் காணும்படி யூடெவ் விதி (டிவைஸ் செருகியதும் லினக்ஸ் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது) ஒன்று எழுதி, அது 'வர்ஷ் அட்டாச்-டிவைஸ்' கூப்பிடும்படி செய்திருக்கிறேன். போர்ட்டின் மேல் ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது. எக்ஸ்எம்எல்லில் நிரந்தரமாக எழுதி வைக்கும் டோக்கனுக்கு 'ஸ்டார்ட்டப்பாலிசி' என்பதை 'ஆப்ஷனல்' என்று வையுங்கள். இல்லையென்றால் யாராவது டோக்கனை வீட்டுக்கு எடுத்துப் போன அன்று மெஷினே கிளம்பாது.

இந்த ஒரு விஷயத்தில், இதே வேலைக்கான ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருள் முந்துகிறது. அங்கே 'இந்த போர்ட்டில் செருகியது எதுவானாலும் இந்த மெஷினுக்கு' என்று திரையிலேயே தேர்ந்தெடுக்கலாம். 2008-லிருந்து வியன்னாவில் வளர்வது, டெபியன் மேல் நிற்பது, அடியில் அதே கேவிஎம்தான். ஆனால் லிப்வர்ட் கிடையாது, எல்லாமே அவர்களுடைய சொந்த ஏற்பாடு. இரண்டு மூன்று சர்வர், பார்த்துக்கொள்ள இரண்டு மூன்று பேர் என்ற ஆபீஸுக்கு நான் தயங்காமல் அதைத்தான் போடுவேன். அவர்களுடைய பேக்கப் சர்வர் மாறிய பகுதியை மட்டும் எடுத்துச் சேமிக்கிறது, மீட்பதும் சுலபம். சந்தா இல்லாமல் ஓட்டினால் அப்டேட் வரும் இடமான என்டர்பிரைஸ் ரெப்போவை மாற்றிவிட்டு இலவச ரெப்போவைச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒற்றை சர்வருக்கு அத்தனை ஏற்பாடு அதிகம் என்பது என் எண்ணம்.

இதே வகை மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸ் மேசை மேல் சோதித்துப் பார்க்க நல்லது, சர்வருக்கு வேண்டாம். விஎம்வேர் கம்பெனியின் இதே வகை மென்பொருளான ஈஎஸ்எக்ஸ்ஐயின் இலவசப் பதிப்பு 2024 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் திரும்ப வந்தது. நாளை என்ன முடிவெடுப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க சின்ன ஆபீஸுக்குத் தெம்பு கிடையாது.

வர்ஷின் அருமை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெரிந்தது. வட சென்னையில் பல தெருக்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, செல்போன் சிக்னல் வந்து வந்து போனது. தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து கிளம்ப முடியாது, தெருவில் முழங்கால் தண்ணீர். ஜெனரேட்டர் இருந்த ஆபீஸ் சர்வரில் ஃபோனிலிருந்தே எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைந்தேன். அந்த சிக்னலில் எந்த பிரவுசர் திரையும் திறக்காது, எழுத்து மட்டும் போகும். 'வர்ஷ் ஷட்டவுன்' கொடுத்தும் ஒரு விண்டோஸ் அணையவில்லை. 'வர்ஷ் ஸ்க்ரீன்ஷாட்' போட்டு அந்தப் படத்தை மட்டும் ஃபோனுக்கு இழுத்துப் பார்த்தால், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறுத்திருந்தேன், முடித்துவிட்டுத் தானே அணைந்தது. திரை பார்க்காமல் கட்டாயமாக நிறுத்தியிருந்தால் அந்த விண்டோஸின் கதி என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

யூபிஎஸ்ஸோடு பேசும் நட் மென்பொருளும் மெஷின்களை மூடும் லிப்வர்ட்-கெஸ்ட்ஸ் சர்வீஸும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பேட்டரி குறைந்ததும் சர்வர் அணையத் தொடங்கும், அதற்கு முன் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஒழுங்காக மூடும். எத்தனை நேரம் காத்திருக்கலாம் என்பதை உங்கள் பேட்டரி தாங்கும் நேரத்தை அளந்து பார்த்து வையுங்கள். ஒன்றன்பின் ஒன்றாக அணைக்க நேரம் போதாவிட்டால் பல மெஷின்களை ஒரே நேரத்தில் அணைக்கும் 'பேரலல் ஷட்டவுன்' வரியைத் திறந்துவிடலாம்.

மெஷினின் ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்பாதீர்கள். அது அதே டிஸ்க்கில்தான் கிடக்கிறது, டிஸ்க் போனால் இரண்டும் போகும். லிப்வர்ட் 6.0-லிருந்து மெஷின் ஓடும்போதே மாறிய பகுதியை மட்டும் பேக்கப் எடுக்க வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் வர்ட்என்பிடிபேக்கப் என்ற கருவியை இரவில் ஓடவிடுகிறேன். டிஸ்க் இமேஜ் க்யூகவ்2 என்ற ஃபைல் வடிவில் இருந்தால்தான் இது முழுதாகப் பலன் தரும். மெஷினுக்கு உள்ளே கெஸ்ட் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருளையும் போட்டுவிடுங்கள், பேக்கப் தொடங்கும் நொடியில் ஃபைல் எழுதுவதை நிறுத்திவைக்கும். எடுத்ததை மாதம் ஒருமுறை வேறொரு டப்பாவில் ஏற்றி, டேலி திறக்கிறதா, கடைசி வவுச்சர் இருக்கிறதா என்று கணக்குப்பிள்ளையையே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

காக்பிட்டின் 9090-ஐ மட்டும் ரவுட்டரில் வெளியே திறந்து விடாதீர்கள். வெளியிலிருந்து வர வேண்டுமென்றால் வயர்கார்ட் என்ற விபிஎன் வழியாக வரட்டும்.