புரோநோட்டா, வங்கிப் பத்திரமா: கடன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

‘பி என்பவருக்கு 500 ரூபாயும், அவருக்குச் சேர வேண்டிய மற்ற தொகைகள் யாவும் தருவதாக உறுதி கூறுகிறேன்.’ 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 4ஆம் பிரிவின் கீழ் இப்படி ஓர் உதாரணத்தைச் சொல்லிவிட்டு, இது புரோநோட்டு (பணம் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும் உறுதிச் சீட்டு) ஆகாது என்கிறது. 500 ரூபாயோடு கறுப்புக் குதிரை ஒன்றும் தருகிறேன் என்று எழுதினாலும் ஆகாதாம். நிச்சயமான தொகை, நிபந்தனையற்ற வாக்கு, அதுவும் பணமாக மட்டுமே.

வங்கிகளின் கடன், அடமானப் பத்திரங்களில் நிலைமை தலைகீழ். புரோநோட்டைச் செல்லாததாக்கும் அந்த ‘மற்ற தொகைகள் யாவும்’தான் அங்கே உயிர்நாடி. ‘கடன்’ என்றால் இன்று வாங்கியது மட்டுமல்ல. தனியாகவோ கூட்டாகவோ, நேரடியாகவோ ஜாமீன்தாரராகவோ, இப்போதோ இனிமேலோ சேர வேண்டிய அசல், வட்டி, அபராத வட்டி, வழக்குச் செலவு எல்லாம் என்று அந்த விளக்கம் நீண்டுகொண்டே போகும். நிதானமாகப் படிக்க வேண்டிய பக்கம் அதுதான். பெரும்பாலோர் கையெழுத்துக் கட்டத்தைத் தேடித் தாண்டிப் போகும் பக்கமும் அதுதான்.

விளைவு நகைக்கடனில் பளிச்சென்று தெரியும். வட்டியோடு முழுத் தொகையையும் கட்டிவிட்டு நகையைக் கேட்டால், ‘நண்பருக்கு ஜாமீன் போட்ட கடன் நிலுவையில் இருக்கிறதே’ என்று பதில் வரும். எந்தக் கடனுக்கு அடகு வைத்தோமோ அதற்கு மட்டுமே பொருளைப் பிடித்துவைக்கலாம் என்பதுதான் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 174ஆம் பிரிவு சொல்லும் பொது விதி. ஆனால் ‘மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்ற வாசல் அதிலேயே திறந்திருக்கிறது. போதாததற்கு 171ஆம் பிரிவு வங்கிகளுக்குப் பொதுப் பற்றுரிமையும், அதாவது பாக்கி தீரும்வரை கைவசமுள்ள பொருளைப் பிடித்துவைக்கும் உரிமையும் தருகிறது.

அதற்காகப் புரோநோட்டைச் சாது என்று நினைக்க வேண்டாம். கையெழுத்து தன்னுடையது என்று ஒப்புக்கொண்டவர், பணம் வாங்கவில்லை என்றால் அதை அவர்தான் நிரூபித்தாக வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 118ஆம் பிரிவின் அனுமானம் நோட்டு வைத்திருப்பவர் பக்கம். வெற்று நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஸ்டாம்பு இடம்தரும் அளவுக்குத் தொகையை நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தை 20ஆம் பிரிவு அவருக்குத் தருகிறது. நிச்சயமான தொகை என்ற ஒரே பாதுகாப்பையும் கடன் வாங்கியவரே தாரைவார்த்துவிடுகிறார்.

கடன் கொடுத்தவருக்கும் ஆபத்து உண்டு. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டாத புரோநோட்டை, பின்னால் அபராதம் கட்டிச் சாட்சியத்தில் சேர்க்க முடியாது. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டின் மேல் வழக்குப் போட எழுதிய தேதியிலிருந்து மூன்றே ஆண்டுகள். அதற்குள் ஒரு சிறு தொகையாவது வாங்கி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கடன்காரரின் கையெழுத்தைப் பெற்றால் கெடு புதிதாக ஓடத் தொடங்கும். அடமானத்துக்கு இந்த அவசரம் இல்லை. சொத்தின் மேல் வழக்குப் போடப் பன்னிரண்டு ஆண்டுகள்.

தெரிந்தவர்களுக்குள் ஒரே தொகையாகக் கொடுத்து வாங்கும் கைமாற்றுக்கு என் ஓட்டு புரோநோட்டுக்குத்தான். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் ரொக்கமாக வேண்டாம், வருமான வரிச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை. தவணை, ஈடு, நிபந்தனை என்று வந்துவிட்டால் ஒப்பந்தம் எழுதுவதே சரி. அதில் ‘கடன்’ என்பது எந்தத் தேதியில் கொடுத்த எந்தத் தொகை என்று முதலிலேயே கட்டிவிட வேண்டும்.

வங்கிப் பத்திரத்தில் நம் பேச்சு அவ்வளவாக எடுபடாது. ஆனாலும் 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை (வட்டி, கட்டணம் போன்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லும் தாள்) தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் இல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. ஜாமீன் போடுகிறவர் இன்னொன்றையும் கேட்டுப் பார்க்கலாம். கடன்காரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கு என்கிற ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் இடம் தருகிறது. ‘இன்ன தொகைக்கு மேல் இல்லை’ என்ற வரியை அங்கே சேர்க்கச் சொல்லலாம்.