திறந்த பாதையா, மூடிய பாதையா?
ஆஸ்திரேலியாவில் டார்வின் நகரத்துப் பக்கம் ஹோவர்ட் ஸ்பிரிங்ஸ் மாதிரி யூகலிப்டஸ் சவன்னாவில் (புல்லும் மரமும் கலந்த காடு), காடு எவ்வளவு வாயுவை இழுக்கிறது, விடுகிறது என்று கணிக்க, மர உச்சிக்கு மேலே கோபுரம் கட்டி, காற்றுச் சுழலையும் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, நீராவியையும் நொடிக்கு 10, 20 தடவை அளக்க வேண்டும். அதற்கு எந்தக் கருவி?

திறந்த பாதைக் கருவியில் காற்று வெளியிலேயே கருவியின் கண்ணாடிகளுக்கு நடுவே தானாகப் போகும்; பம்ப் கிடையாது, சோலார் பேனலே போதும். ஆனால் கண்ணாடியில் ஒரு மழைத்துளி உட்கார்ந்தால் அந்த அரைமணி நேரத் தரவு போச்சு, அங்கே மழையோ பெரும்பாலும் டிசம்பரிலிருந்து மார்ச்சுக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வெயில் காலத்தில் சூடான காற்று விரிந்து அடர்த்தி மாறுவதால், அதைக் கணக்கில் சரிசெய்யும் அடர்த்தித் திருத்தமும் பெரிதாக வரும்.

மூடிய பாதைக் கருவி காற்றைக் குழாய் வழியாக பம்ப் வைத்து உள்ளே இழுப்பதால் மழையிலும் அளக்கும். சரி, ஆனால் பம்ப் கரண்ட்டைக் குடிக்கும், காட்டுத்தீப் புகையில் ஃபில்டர் அடைக்கும், அப்புறம் ஈரப்பதம் ஏறினால் நீராவி குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஆவியாதலைக் குறைத்துக் காட்டும்.

கரண்ட் இல்லாத காடென்றால் என் ஓட்டு திறந்த பாதைக்கே.